துளையிட்ட தகடும் தெருவை மறித்த குழந்தைகளும்

ஒல்லாந்தர் என்றதும் நம்மவர்க்குப் பழவேற்காட்டுக் கல்லறைகளும் நாகப்பட்டினத்துக் கோட்டையும் நினைவுக்கு வரும். கடல்வழி வந்து துணியும் மிளகும் ஏற்றிச் சென்ற அந்த மக்களின் நாடு இன்று உலகில் வேறொன்றால் பேர்பெற்றிருக்கிறது. அது மிதிவண்டி. மக்கள் தொகையைவிட மிதிவண்டிகள் அதிகமாக உள்ள நாடு அது. அமைச்சரும் ஆசிரியரும் மீன் விற்பவரும் பாட்டியும் ஒரே பாதையில் மிதித்துச் செல்வதைப் படங்களில் பார்க்கிறோம். யுட்ரெக்ட் நகரத் தொடர்வண்டி நிலையத்தின் அடியில் 12,500 மிதிவண்டிகள் நிறுத்துவதற்கான மாடம் 2019ஆம் ஆண்டு நிறைவு பெற்றது. இவற்றையெல்லாம் கண்டவர்கள், “நிலம் சமதளம், மக்கள் பழகியவர்கள், அவர்களுக்கு அது இயல்பு” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் நிலம் அன்றும் சமதளமாகத்தான் இருந்தது. அந்தச் சமதளத்திலேயே மிதிவண்டி ஒரு தலைமுறைக் காலம் ஏறத்தாழ அழியப் பார்த்தது. அதை மீட்டவர்களுள் ஒரு சிறிய தொலைக்காட்சிச் சங்கத்துக்கும் பங்குண்டு. சந்தாவால் உயிர் வாழும் நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு, சந்தாவால் உயிர் வாழ்ந்த வேறொரு கூட்டத்தின் கதை பொருந்தும் எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

கதையை வரியில் இருந்து தொடங்க வேண்டும். 1924ஆம் ஆண்டு, கோலைன் நிதியமைச்சராக இருந்தபோது, அந்நாட்டில் மிதிவண்டி வரி விதிக்கப்பட்டது. ஆண்டுக்கு 3 கில்டர். பின்பு இரண்டரை கில்டராகக் குறைந்தது. வரி கட்டியவருக்குச் சிறு உலோகத் தகடு ஒன்று தரப்படும். அதை வண்டியிலோ சட்டையிலோ பொருத்திக்கொள்ள வேண்டும். நகராட்சியில் சைக்கிளுக்கு வில்லை வாங்கிய நம் பெரியவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் அங்கே நடந்த ஒரு செய்தி என் நெஞ்சைத் தைத்தது. வேலையற்றோர் பெருகிய காலத்தில், வரி கட்ட இயலாத ஏழைகளுக்கு அத்தகடு இலவசமாகத் தரப்பட்டது. தந்த தகட்டில் ஒரு துளை இட்டுத் தந்தார்கள். துளையுள்ள தகட்டோடு தெருவில் போகிறவன் தன் வறுமையைச் சட்டையிலேயே குத்திக்கொண்டு போகிறான். எந்த அலுவலர் மூளையில் உதித்த எண்ணமோ! கொடுக்கும் கையே சுடவும் செய்தது.

அந்த வரிப்பணம் எங்கே போயிற்று என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. 1926ஆம் ஆண்டு அமைந்த சாலை நிதியில் அது சேர்ந்தது. அந்நிதியில் இருந்து நெடுஞ்சாலைகளும் பாலங்களும் எழுந்தன. அன்று சாலையில் மிகுதியாகச் சென்றவர் மிதிவண்டிக்காரர். நிதிக்குப் பெரும்பங்கு தந்தவரும் அவர்களே. ஆயினும் எழுந்த சாலைகள் உந்துவண்டிக்குரியவை. பல இடங்களில் மிதிவண்டிக்கு ஓர் ஓரம் ஒதுக்கப்பட்டதே அது உந்துவண்டியின் வழியில் நில்லாதிருக்கத்தான். 1941இல், நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர் இந்த வரியை நீக்கினர். அடுத்த ஆண்டே வண்டிகளைப் பறிக்கவும் தொடங்கினர். வரி நீங்கியதை மக்கள் மறந்துவிட்டனர். வண்டி பறிபோனதை மறக்கவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும், ஜெர்மனியோடு கால்பந்து ஆடும் நாளில் “என் சைக்கிளைத் திருப்பிக் கொடு” என்று கூவுவது அங்கே ஒரு வழக்காயிற்று.

போருக்குப் பின் செல்வம் வந்தது. செல்வத்தோடு உந்துவண்டியும் வந்தது. 1950களில் தெருவை நிறைத்திருந்த மிதிவண்டி, 1970க்குள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. வாய்க்கால்கள் சில தூர்க்கப்பட்டன; சதுக்கங்கள் வண்டி நிறுத்தும் இடங்களாயின. 1967ஆம் ஆண்டு ஜோக்கினென் என்னும் அமெரிக்கத் திட்ட வல்லுநர் ஆம்ஸ்டர்டாமுக்கென ஒரு திட்டம் வரைந்தார். உந்துவண்டி நலம் பேணும் அமைப்பு ஒன்று அவரை அழைத்திருந்தது. நகரைச் சுற்றியுள்ள பழைய அகழியை மூடி அகன்ற நெடுஞ்சாலை அமைப்பது, டெ பைப் என்னும் குடியிருப்பை இடித்துத் தள்ளுவது ஆகியவை அத்திட்டத்தில் அடங்கும். திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் ‘இடிக்கலாம்’ என்று பெரியவர்கள் எண்ணிய பேட்டை எது என்பதை நினைவில் வைத்துக்கொள்க. கதை அங்கேதான் திரும்புகிறது.

1971ஆம் ஆண்டு அந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் ஏறத்தாழ 3,300 பேர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பள்ளிக்குச் சென்ற வழியில் தன் ஆறு வயது மகளைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் இருந்தார். விக் லாங்கன்ஹோஃப் என்பது அவர் பெயர். கத்தோலிக்க நாளேடான ‘டெ டெய்ட்’ இதழில் பணியாற்றியவர். 1972இல் தம் ஏட்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’. ‘விபத்து’ என்ற சொல்லை அவர் ஏற்கவில்லை. கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொல்லை மாற்றி வைத்ததில்தான் அந்த இயக்கம் பிறந்தது. விபத்து என்றால் விதியோடு முடியும்; கொலை என்றால் கொன்றவன் எவன் என்ற கேள்வி எழும்.

இங்கே சற்று நின்று, அந்நாட்டுத் தொலைக்காட்சி எவ்வாறு நடந்தது என்பதை விளக்கியாக வேண்டும். இல்லையேல் அடுத்து வருவதன் அருமை புலப்படாது.

நமக்குத் தொலைக்காட்சி என்றால் இரண்டே வகைகள் பழக்கம். ஒன்று அரசு நடத்துவது. மற்றது வணிகர் நடத்துவது. ஒல்லாந்தர் மூன்றாவது வகை ஒன்றைப் படைத்திருந்தனர். அச்சமுதாயம் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சமயத்தார், சமதர்மர், தாராளர் எனத் தூண் தூணாகப் பிரிந்து வாழ்ந்தது. ஒவ்வொரு தூணுக்கும் தனிப் பள்ளி, தனி நாளேடு, தனி மருத்துவமனை, தனித் தொழிற்சங்கம். 1920களில் வானொலி வந்தபோது, ஒவ்வொரு தூணும் தனக்கென ஓர் ஒலிபரப்புச் சங்கம் அமைத்துக்கொண்டது. சீர்திருத்தச் சமயத்தாருக்கு என்.சி.ஆர்.வி; கத்தோலிக்கருக்கு கே.ஆர்.ஓ, தொழிலாளருக்கு வாரா, பொதுவானவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டோருக்கு ஆவ்ரோ. 1926இல் தாராளப் போக்குடைய சீர்திருத்தக் கிறித்தவர் சிலர் கூடி வி.பி.ஆர்.ஓ. என்னும் சிறு சங்கத்தைத் தொடங்கினர். எல்லாவற்றுள்ளும் மெலிந்தது அதுதான்.

1951ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியது. பஸ்ஸம் என்னும் ஊரில் பழைய தேவாலயம் ஒன்றைப் படப்பிடிப்புக் கூடமாக மாற்றியிருந்தனர். வாரத்துக்கு மூன்று மணி நேர நிகழ்ச்சி. நாடு முழுவதும் சில நூறு பெட்டிகளே இருந்தன. பெட்டி விற்க விரும்பிய பிலிப்ஸ் நிறுவனத்தின் உந்துதல் இதில் பெரிது. வானொலிச் சங்கங்களே இதையும் நடத்தின. 1956இல் பார்வைக் கட்டணம் வந்தது. அஞ்சலகத்தில் வானொலி உரிமம் புதுப்பித்த நம் தலைமுறைக்கு இதுவும் விளங்கும்.

விளம்பரம் வேண்டுமா என்பது பற்றி அங்கே பத்தாண்டுக்கு மேல் சண்டை நடந்தது. 1964இல் சில முதலாளிகள் ஒரு வேடிக்கை செய்தனர். கரைக்கு அப்பால், நாட்டின் சட்ட எல்லைக்கு வெளியே, கடலில் இரும்புக் கால்கள் ஊன்றி ஒரு செயற்கைத் தீவை எழுப்பினர். கப்பல் கட்டும் தொழிலதிபர் வெரோல்மேயின் அயர்லாந்துப் பட்டறையில் உருவான மேடை அது. பொதுமக்களுக்குப் பங்குகள் விற்றுப் பணம் திரட்டினர். விளம்பரத்தோடு படங்கள் காட்டினர். மக்கள் விரும்பிப் பார்த்தனர். அரசு புதுச் சட்டம் இயற்றி, அவ்வாண்டு டிசம்பர் 17 அன்று ஆட்களை இறக்கி ஒளிபரப்பை நிறுத்தியது. கதை அதோடு முடியவில்லை. தொலைக்காட்சி யார் கையில் இருக்க வேண்டும் என்னும் பூசலில் 1965 பிப்ரவரியில் மரெய்னென் அமைச்சரவையே கவிழ்ந்தது. வேறெந்த நாட்டில் இதன் பொருட்டு ஓர் அரசு வீழ்ந்ததோ, எனக்கு நினைவில்லை.

அதன் விளைவாக வந்த உடன்பாடு நுட்பமானது. 1967 முதல் விளம்பரம் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதை விற்க ‘ஸ்டெர்’ என்னும் தனி அறக்கட்டளை ஒன்றே உண்டு. எந்த நிகழ்ச்சியையும் நடுவில் அறுத்து விளம்பரம் செருகக் கூடாது. செய்திகளை ஒட்டித் தனிக் கற்றைகளாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை விளம்பரமே இல்லை. வரும் பணம் பொதுப் பானைக்குப் போகும். ஒரு சங்கத்தின் நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தனர் என்பதற்கும் அதன் கைக்கு வரும் பணத்துக்கும் தொடர்பில்லை. பின் எதனால் பங்கு பிரிப்பது? உறுப்பினர் எண்ணிக்கையால். 1969இல் நடைமுறைக்கு வந்த ஒளிபரப்புச் சட்டப்படி, 4 லட்சம் உறுப்பினர் உடைய சங்கம் முதல் நிலை. இரண்டரை லட்சம் உடையது இரண்டாம் நிலை. ஒரு லட்சம் உடையது மூன்றாம் நிலை. அவற்றுக்கான ஒளிபரப்பு நேரம் ஐந்துக்கு மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம். படக்கூடம், தொழில்நுட்பர் போன்ற வசதிகளை ஹில்வர்சமில் உள்ள என்.ஓ.எஸ். என்னும் பொது அமைப்பு தரும். சங்கம் கொண்டுவர வேண்டியவை கருத்து, இயக்குநர், துணிவு ஆகியவையே.

உறுப்பினராவது எப்படி என்பதில் இன்னொரு சுவை உண்டு. பெரும்பாலானோர் சங்கத்தின் நிகழ்ச்சிக் கையேட்டு இதழுக்குச் சந்தா கட்டியே உறுப்பினராயினர். வாரம் முழுவதற்குமான நிகழ்ச்சிப் பட்டியலை அச்சிடும் உரிமை சங்கங்களுக்கு மட்டுமே இருந்தது. எந்த நாளில் என்ன படம் என்று அறிய விரும்பியவன் ஏதேனும் ஒரு சங்கத்தின் இதழை வாங்கியாக வேண்டும். ஆகவே, கொள்கைக்காகச் சேர்ந்தவன் எத்தனை பேர், பட்டியலுக்காகச் சேர்ந்தவன் எத்தனை பேர் என்பதை எவரும் பிரித்தறிய முடியாது. இதைப் படித்தபோது சிரித்தேன். இதழுக்காகச் சேர்ந்தவரும் இலக்கியத்துக்காகச் சேர்ந்தவரும் நம்மிலும் உண்டே. இருவர் தந்த சந்தாவும் ஒரே பெட்டியில்தான் விழுகிறது.

இம்முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. கடல் தீவில் இருந்து கிளைத்த ட்ராஸ் என்னும் சங்கம், பாட்டும் போட்டியும் தந்து விரைவில் உறுப்பினரைக் குவித்தது. மற்றச் சங்கங்கள் அதைப் பார்த்துத் தாமும் மெலிந்தன; அதன் பெயரில் இருந்தே ‘தரம் தாழ்தல்’ என்னும் பொருளில் டச்சு மொழியில் ஒரு சொல் பிறந்தது. ஆனால் அதே முறைதான் வி.பி.ஆர்.ஓ.வைப் போன்ற மூன்றாம் நிலைச் சங்கத்துக்கு இடம் தந்தது. 1960களின் இறுதியில் பாதிரிமாரின் சங்கமாக இருந்த அது இளைஞர் கைக்கு மாறியது. அவர்கள் செய்த சோதனைகள் சிலருக்கு எரிச்சலையும் சிலருக்குப் பரவசத்தையும் தந்தன. நாட்டில் பெரும்பாலோர் பார்க்காவிட்டாலும் அவர்களுக்கு இழப்பில்லை. ஒரு லட்சம் பேர் சந்தாவை நிறுத்தாதிருந்தால் போதும். உந்துவண்டி விற்பவரின் முகம் பார்த்து அவர்கள் படம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் மேலே இத்தனை நீட்டி எழுதினேன்.

1972ஆம் ஆண்டு வி.பி.ஆர்.ஓ. டெ பைப் குடியிருப்புக் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆவணப் படம் எடுத்தது. ஜோக்கினென் இடிக்கச் சொன்ன அதே பேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெருக்கிக் கட்டிய நான்கு மாடி வீடுகள், இடுங்கிய தெருக்கள். அத்தெருக்களுக்கு ஃபிரான்ஸ் ஹால்ஸ், யான் ஸ்டேன், கோவர்ட் ஃபிளிங்க் என ஓவியர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தனர். ஓவியர் பெயர் தாங்கிய தெருக்களில் இருபுறமும் உந்துவண்டிகள் அடைத்து நின்றன. விளையாட ஒரு முற்றம் இல்லை, மரம் இல்லை. குழந்தைகள் நின்ற உந்துவண்டிகளுக்கு இடையே பந்து உதைத்தனர்.

அப்படத்தைப் பின்னாளில் இணையத்தின் வழியே கண்டேன். மொழி தெரியாது, ஆங்கிலத் துணையெழுத்தின் உதவியால் பின்தொடர்ந்தேன். பெரியவர் எவரும் அதில் மேடையேறிப் பேசுவதில்லை. ஒரு பள்ளி வகுப்பின் பிள்ளைகளே தம் தெருவைப் பற்றிச் சொல்கின்றனர். வீடு வீடாகப் படியேறிக் கையெழுத்து வாங்குகின்றனர். இறுதியில் தாமே தடுப்புகளைக் கொண்டுவந்து வைத்துத் தெருவை மறிக்கின்றனர். வண்டியோட்டி ஒருவர் இறங்கி வந்து அத்தடுப்பை அகற்ற முயல்கிறார். சண்டை மூள்கிறது. நடுவயது மனிதரின் வெகுளியும் பத்து வயதுப் பிள்ளைகளின் பிடிவாதமும் ஒரே சட்டகத்தில் நிற்கின்றன. யார் பக்கம் நியாயம் என்று படம் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அத்தெரு பின்னர் குழந்தைகளுக்கென ஒழுங்குபடுத்தப்பட்டது.

படம் ஒன்றினால் ஒரு நாடு மாறிற்று என்று எழுதுவது எளிது. அப்படி எழுத மாட்டேன். லாங்கன்ஹோஃபின் கட்டுரை, டெ பைப் படம், குழந்தைகளை இழந்த பெற்றோரின் துயரம், 1965இலேயே ‘வெள்ளை மிதிவண்டி’ என்னும் பொது வண்டித் திட்டத்தை முன்வைத்துச் சிரிப்புக்கும் வியப்புக்கும் ஆளான ப்ரோவோ இளைஞர்கள் எனப் பல நீரோடைகள் கலந்தன. கட்டுரையின் தலைப்பே இயக்கத்தின் பெயராயிற்று. மார்ட்யே வான் புட்டன் என்னும் இளம் தாய் அதன் முதல் தலைவரானார். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவர்கள் விபத்து நடந்த இடங்களில் சாலையை மறித்தனர். தெரு நடுவே மேசை போட்டு உணவு உண்டனர். மிதிவண்டிகளில் ஊர்வலமாகச் சென்று பிரதமர் யோப் டென் ஒய்ல் வீட்டின் முன் பாடினர். அவர் வெளியே வந்து கேட்டார்.

அந்த டென் ஒய்ல்தான், 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, நவம்பர் 4 முதல் ஞாயிறுகளில் உந்துவண்டி ஓடத் தடை விதித்தவர். 1974 ஜனவரி 6 வரை அது நீடித்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் மிதிவண்டியிலும் சக்கரச் செருப்பிலும் குதிரையிலும் சென்றனர். டிசம்பர் 1 அன்று அவர் தொலைக்காட்சியில் தோன்றி, பழைய நிலை இனித் திரும்பாது எனும் பொருள்பட நாட்டுக்கு உரையாற்றினார். ஓசையற்ற நகரம் எப்படியிருக்கும் என்பதைப் பெரியவர்களும் அந்த ஞாயிறுகளில் கண்டனர்.

1975இல் மிதிவண்டிக்காரர் சங்கம் ஒன்று எழுந்தது. அதன் பெயரில் ஒரு குறும்பு இருந்தது. 1883இல் மிதிவண்டிக்காரருக்கெனத் தொடங்கப்பட்ட ஏ.என்.டபிள்யூ.பி. என்னும் பழஞ்சங்கம் காலப்போக்கில் உந்துவண்டிக்காரரின் சங்கமாக மாறிப்போயிருந்தது. “நாங்களே உண்மையான மிதிவண்டிச் சங்கம்” என்னும் பொருளில் புதியவர்கள் பெயர் சூட்ட, பழையவர்கள் நீதிமன்றம் சென்றனர். பெயரை மாற்ற நேர்ந்தது. கேலி மட்டும் நிலைத்துவிட்டது.

பின்னர் நடந்தவை பெரும்பாலும் பணமும் பொறியியலும். டில்பர்க்கிலும் தி ஹேக்கிலும் 1970களின் நடுவில் நடுவண் அரசின் செலவில் முன்மாதிரி மிதிவண்டிப் பாதைகள் போடப்பட்டன. தி ஹேக் வணிகர்கள் வாடிக்கையாளர் வர மாட்டார் என்று எதிர்த்தனர். ஒரு பாதை மட்டும் போட்டால் பெரும்பயன் இல்லை, பாதைகள் ஒன்றோடொன்று பின்ன வேண்டும் என்பதை டெல்ஃப்ட் நகரம் அடுத்த பத்தாண்டில் செய்து காட்டியது. நடப்பவர்க்கு முதன்மை தரும் ‘வாழ்தெரு’ 1976இல் சட்டத்தில் இடம்பெற்றது. அன்று மிதிவண்டிக்காரரிடம் இருந்து வாங்கி உந்துவண்டிக்குச் சாலை போட்ட கருவூலம், அரை நூற்றாண்டு கழித்துத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிற்று. இன்று அங்கே மிதிவண்டிப் பாதைகள் ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர். துயரம் தீர்ந்துவிடவில்லை, 2022இல் ஏறத்தாழ 290 மிதிவண்டிக்காரர் மாண்டனர். அவர்களுள் முதியோர் மிகுதி. மின்விசை வண்டிகள் பெருகியதும் பேசப்படுகிறது. குழந்தைகள் இப்போது அரிது.

தொலைக்காட்சியின் கதை அவ்வளவு நேராகச் செல்லவில்லை. 1989ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், முதல் ஒளிபரப்பு நிகழ்ந்து சரியாக 38 ஆண்டுகள் கழித்து, லக்சம்பர்க்கில் இருந்து வணிக ஒளிபரப்பு நுழைந்தது. நிகழ்ச்சி நடுவே விளம்பரம் வந்தது. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பார்வைக் கட்டணம் நீக்கப்பட்டுப் பொது வரியில் இருந்து பணம் தரும் முறை வந்தது. கட்டணம் போனதை மக்கள் வரவேற்றனர். ஆனால் எவ்வளவு தருவது என்பதை ஆண்டுதோறும் ஆட்சியில் இருப்போர் தீர்மானிக்கலாயினர். சிக்கனத்தின் பெயரால் 2014 அளவில் பழைய சங்கங்கள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டன. ஒருவரையொருவர் நரகத்துக்குரியோர் என்று எண்ணியிருந்த கத்தோலிக்கரும் சீர்திருத்தக்காரரும் கே.ஆர்.ஓ.-என்.சி.ஆர்.வி. என ஒரே பலகையின் கீழ் வந்தனர். ஆவ்ரோவும் ட்ராஸும் ஒன்றாயின. வி.பி.ஆர்.ஓ. எவரோடும் இணையாமல் தனித்து நின்றது. அதன் கையேட்டு இதழுக்கு அப்போதும் சந்தாதாரர் இருந்தனர்.

டெ பைப் இடிக்கப்படவில்லை. இன்று ஆம்ஸ்டர்டாமில் வீட்டுவாடகை மிகுந்த பகுதிகளுள் அதுவும் ஒன்று. 1972இல் அங்கே கூலித் தொழிலாளராக இருந்தோரின் பேரப்பிள்ளைகளால் அங்கே குடியிருப்பது கடினம். படத்தில் தடுப்பை வைத்து மறித்த பிள்ளைகள் இப்போது அறுபதைத் தொட்டும் கடந்தும் இருப்பர். தடுப்பை அகற்ற வந்த அந்த மனிதர் யார், அவர் வீட்டில் அன்று பிள்ளைகள் இருந்தனரா என்று படம் கேட்கவில்லை. அவர் முகம் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலைக்குப் போக நேரமாகிவிட்ட ஒரு சாதாரண மனிதரின் முகம்தான் அது.